சட்டத்துக்கு அடியில்

காரின் பின்னிருக்கையில் முழங்காலிட்டு, ஈரச் சாக்கைக் கையில் பிடித்தபடி டார்லா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் கீழே, ராய்ஸ் மல்லாந்து கிடந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். நெருப்பு படும் இடத்தில் தகரம் முதலில் நீலமாகி, பிறகு சிவந்தது. சிவந்த இடத்தில் அவள் சாக்கை அழுத்தினாள். நீராவி முகத்தில் அடித்தது.

அறுபத்தொன்பதாம் வருடத்து ஆரஞ்சு நிறக் கார் அது. அடியில் முன்னால் ஓர் இரும்புச் சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் வெறும் தகரம்தான். பெரிய இன்ஜினை முடுக்கி மிதித்தால் உடம்பே முறுக்கிக்கொண்டு கதவு இடுக்கு விரியும். அதனால் பக்கத்துக்கு ஓர் இரும்புக் குழாய் வைத்து இரண்டு சட்டங்களையும் இணைக்க வேண்டும். கார் தூக்கும் லிஃப்டில் தொங்கவிட்டுச் செய்தால் தொங்கிய கோணலோடேயே இறுகிவிடும் என்பதால், நாலு சக்கரங்களையும் தாங்கிகளில் நிறுத்தி, அடியில் கிடைத்த இரண்டடி இடைவெளியில் ராய்ஸ் உருளைப் பலகையில் படுத்திருந்தான். ஓர் அங்குலம் வைப்பான், ஆற விடுவான். டார்லா கதவைத் திறந்து மூடி, இடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுவாள். பிறகு அடுத்த அங்குலம்.

இருக்கையையும் கம்பளத்தையும் கழற்றி, காரின் அடிப்பக்கத்தில் அப்பிக் கிடக்கும் பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும் என்று ராய்ஸ் முந்தின நாளே சொல்லியிருந்தான். அதற்கு ஒன்றரை நாள் ஆகும். காரின் சொந்தக்காரரான பல் டாக்டருக்குச் சனிக்கிழமைக்குள் கார் வேண்டும். பட்டறை முதலாளி ஸ்டான் ப்ரூவர், கம்பளத்தை மடக்கி வைத்தால் போதும், டார்லா உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள் என்று முடித்துவிட்டான்.

பதினொரு மணிக்கு டாக்டரும் அவர் மனைவியும் வேலையைப் பார்க்க வந்தார்கள். வாசலை மறித்து நின்ற வண்டியை எடுத்து ஓரமாக விடச் சொல்லி ஸ்டான் டார்லாவைக் கூப்பிட்டான். அவள் குதிகாலால் தரையை மூன்று முறை தட்டினாள். ராய்ஸ் நிறுத்திவிட்டு முகமூடியைத் தூக்கினான்.

"அவ வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்," என்றான் அடியிலிருந்து.

"அஞ்சு நிமிஷம்தான்யா. அதுக்குள்ள என்ன எரிஞ்சிடப் போகுது? நீ வைய்யி," என்றான் ஸ்டான்.

வண்டியை நகர்த்திவிட்டு வந்தவளை, டாக்டர் மனைவிக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். அவள் கோப்பையைக் கழுவும்போது ரோமம் கருகுவது போன்ற நாற்றம் வந்தது.

திரும்பி ஓடியபோது காருக்குள் புகை மண்டியிருந்தது. அடியில் தார் பற்றிக்கொண்டு சொட்டுச் சொட்டாய் எரிந்தபடி விழுந்தது. பலகையின் சக்கரம் வெல்டிங் மெஷினின் வயரில் சிக்கியதால் ராய்ஸால் நழுவி வெளியே வர முடியவில்லை. இடது கையால் கழுத்தை மறைத்திருந்தான். அந்தக் கை எரிந்துகொண்டிருந்தது. டார்லா தீயணைக்கும் உருளையை எடுத்தாள்.

"பொடிய அடிக்காத," என்று ஸ்டான் குறுக்கே கை நீட்டினான். "உள்ள இருக்கறது பூரா வீணாப் போயிடும். சாக்கப் போடு."

அவள் அடித்தாள். பிறகு ராய்ஸின் பூட்ஸ் இரண்டையும் பிடித்து இழுத்தாள். கையுறையைக் கழற்றப் போனபோது அதனோடு தோலும் வந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். டாக்டர் புகையை விசிறிக்கொண்டே காரைச் சுற்றி வந்து, பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

திங்கட்கிழமை ஸ்டான், சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். முதலாளி நிறுத்தச் சொல்லியும் ராய்ஸ் கேட்கவில்லை என்றும், அன்று காலை அவனிடம் விஸ்கி வாடை அடித்தது என்றும் அதில் இருந்தது. ராய்ஸ் ஆறு வருடமாகத் தொடாதவன். வியாழன்தோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில், குடியை விட்டவர்களோடு உட்கார்ந்து எழுந்து வருகிறவன். டார்லா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அப்படியென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான் ஸ்டான்.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராய்ஸின் தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் ஒட்டியிருந்தார்கள். மேசையில் டோனட் பெட்டி ஒன்று பாதி காலியாக இருந்தது. என்ன வந்தாலும், விபத்தை விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடப் போவதாக அவள் சொன்னாள். ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் போட்டுட்டேன் டார்லா."

"என்னத்த?"

"கையெழுத்து. குடிச்சிருந்தேன்னு. ஆஸ்பத்திரிச் செலவ அவன் பாத்துக்கறானாம். திரும்ப வேலைக்கும் எடுத்துக்கறானாம். வக்கீல் வச்சா ரெண்டு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் இந்தக் கைய வச்சுக்கிட்டு எங்க போவேன்? பழைய குடிகாரன் சொல்றத எவன் நம்புவான்?"

"நான் பாத்தேன் ராய்ஸ். அவன் சொன்னதக் கேட்டேன்."

"நீ உண்மையச் சொன்னா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் வேல போகும். நீயும் போட்டுடு."

அவள் அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். நாலு விரல்களையும் சேர்த்து ஒரே உருண்டையாகச் சுற்றியிருந்தார்கள். மறுநாள் காலை பட்டறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஸ்டான் மை காயும்வரை ஊதி, காகிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். அவள் இடத்துக்கு நேற்றே ஆள் எடுத்துவிட்டதாகவும், முன்னமே போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் சொன்னான். அவன் குரலில் வருத்தம்கூட இருந்தது.

ஆகஸ்டில் பூங்காவில் பழைய கார்களின் கண்காட்சி நடந்தது. ஜூனிலிருந்து டார்லாவுக்கு அங்கேதான் வேலை. குப்பைத் தொட்டிகளைக் காலி செய்துகொண்டே வந்தவள் ஆரஞ்சு நிறக் காரைப் பார்த்தாள். புதுக் கம்பளம், புது இருக்கை. அடியில் செய்த வேலை தெரிய வேண்டும் என்று புல்லின்மேல் நீளக் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்களும், நாணயங்களை அடுக்கியதுபோல் வரிசை பிசகாத வெல்டிங்கும் அதில் பளிச்சென்று தெரிந்தன. கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளி, எப்படிச் சத்தமில்லாமல் மூடுகிறது பாருங்கள் என்று டாக்டர் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டான் பக்கத்தில் கை கட்டி நின்றான். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ராய்ஸ் காரருகே மண்டியிட்டு, புழுதி படியப் படிய வலது கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது கையில் தோல் நிறத்தில் இறுக்கமான உறை. விரல்கள் மடங்கவில்லை. டார்லாவைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

போட்டோ எடுக்கக் குனிந்த ஒருவர் போனைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியில் ராய்ஸின் முகம் விழுந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றார். "வெல்டிங்க மறைக்கிறீங்க."

ராய்ஸ் முழங்காலாலேயே புல்லில் பின்னுக்கு நகர்ந்தான்.