மொழம் இல்லாத வஞ்சிரம்

எங்க கோணக்கரை மார்க்கெட்டுல ஒரு மொழத்துக்குக் கம்மியான மீனை வாங்கிட்டா, மொழம் ஆகுற வரைக்கும் வாங்குனவங்கதான் அதை வளர்க்கணும். அப்புறம்தான் வெட்டணும். மீனு துள்ளிக்கிட்டு இருந்துச்சா, செத்து ஐஸ்ல கெடந்துச்சான்னு யாரும் பாக்குறதில்ல. தண்ணியில போட்டா அது பாட்டுக்கு வளரும். எதுத்த வீட்டு போஸ்ட்மேன் போன வருசத்துலேருந்து ரெண்டு சங்கராவை பாத்ரூம் தொட்டியில வளர்க்கிறாரு. குளிக்கிறதுக்கு துண்டைப் போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வருவாரு.

அளவு பாக்குறது அய்யாவு. எங்க ஊருல எது கைமாறினாலும் அவர்தான் அளவுக்காரர். முழங்கையை மீன் பக்கத்துல வெச்சு, "மொழம் இருக்கு, வெட்டு"ன்னு சொல்லுவாரு. தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி ஒரு கொரல். அந்தக் கொரல் கேட்டாத்தான் கத்தி எறங்கும். சீலும் கெடையாது, கையெழுத்தும் கெடையாது.

எனக்கு யாரு கொரலும் வந்துரும். ஒருநாள் என் பொண்டாட்டி செண்பகம் கொரல்ல என்னையே நான் திட்டி விளையாடிக்கிட்டிருந்தேன். சமாதானம் பண்ண போஸ்ட்மேன் ஓடி வந்துட்டாரு, தலையில சோப்போட.

வியாழக்கெழம காலையில தில்லைக்கண்ணு கடையில ஒரு வஞ்சிரம் பாத்தேன். ஞாயித்துக்கெழம என் பொண்ணு சுகந்திக்கு மறுவீட்டு விருந்து. சம்மந்தியம்மா மூக்காலயே பேசுற ஆளு. "எங்க வழக்கத்துல மாப்பிள்ளை எலையில முழு வஞ்சிரத் தலை வுழணும். வுழலேன்னா பொண்ணை இங்கயே விட்டுட்டுப் போயிருவோம்"னு சொல்லியிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அவங்க மூத்த மருமக இன்னும் அவ அப்பா வீட்டுலதான் இருக்கா.

நான் செவுளைத் தூக்கிப் பாத்தேன், செவப்பா இருந்துச்சு. கண்ணை அமுக்கிப் பாத்தேன். தில்லைக்கண்ணு உம்முன்னு ஒக்காந்திருந்தான். அவனைச் சிரிக்க வெப்போமேன்னு, அய்யாவு கொரல்ல, "மொழம் இருக்கு, வெட்டு"ன்னுட்டேன். அவன் சிரிக்கல. கொரல் வந்துருச்சு, அளவு முடிஞ்சுதுன்னு மீனைப் பையில போட்டுக் கட்டிட்டான். விருந்து ஞாயித்துக்கெழமதானே, முழுசாவே இருக்கட்டும்னு நானும் தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல செண்பகம் கையை வெச்சுப் பாத்தா. நாலு விரக்கடை கம்மி.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மீனை வளர்க்கணுமேன்னு இல்ல, அது ஊருல எல்லாரும் பண்றதுதான். இருவது வருசமா மீன் வாங்குற நான், செவுளைப் பாத்துட்டு நீளத்தைப் பாக்காம வந்துட்டேனே.

தில்லைக்கண்ணுகிட்ட திரும்பப் போனேன். அய்யாவு சொன்னாருல்லன்னான். சொன்னது நான்தாண்டான்னேன். அப்ப நீயே வளத்துக்கோ, என்னை ஏன் கேக்குறேன்னுட்டான். அவன் கடைப் பலகை பூரா நெத்திலி மாதிரி வஞ்சிரக் குஞ்சு, விரல் அளவு சங்கரா. யாரு வாங்குவான்னு கேட்டேன். தொட்டி இருக்குறவங்க வாங்குவாங்கன்னான்.

எங்க தொட்டியில போஸ்ட்மேன் குளிக்கிறாரு. அதனால உத்திராபதி பண்ணைக்குப் போனேன். ஆத்து முகத்துவாரத்துல ஆறு குட்டை வெச்சிருக்காரு. வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, வாயைத் தொறக்காமலே பேசுவாரு. மூணு நாள்ல நாலு விரக்கடை ஏத்திரலாம், தீவனம் மட்டும் நீ கொண்டாந்துருன்னாரு. தவிடு போதுமான்னு கேட்டேன்.

"வஞ்சிரம் தவிடு திங்குமாய்யா? மீன்தான் திங்கும்."

பண்ணை மீனு ஏதோ சாமி புண்ணியத்துல காத்தைக் குடிச்சு வளருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

"கடல் மீனைக் காப்பாத்தத்தானே பண்ணை?"

"ஆமா. அதைக் காப்பாத்தணும்னா அதுக்குச் சோறு போடணும்ல."

"சோறு எங்கேருந்து?"

"கடல்லேருந்து."

அது நெயாயமாத்தான் பட்டுச்சு. வஞ்சிரத்தை மொத குட்டையில விட்டுட்டு, ஒரு கூடை மத்தி வாங்கிட்டு வந்தேன். மத்தி மொழம் இல்ல. மொழம் இல்லாததை வெட்டித் தீவனம் போடக் கூடாது. அதனால மத்தியை ரெண்டாவது குட்டையில வளர விட்டோம். அதுக்குத் தீவனம் நெத்திலி. நெத்திலியும் மொழம் இல்ல. அது மூணாவது குட்டை. அதுக்குக் கூனி இறா வாங்குனேன். நாலாவது குட்டைக்கரையில ஒக்காந்து, ஒவ்வொரு கூனியா முழங்கை பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் தேறல.

வெள்ளிக்கெழம பொழுது சாயுற நேரம் உத்திராபதிக்கு மனசு எறங்கி, சாக்குலேருந்து ஒரு மரக்கா பொடி அள்ளிக் கொடுத்தாரு. பொடிக்கு மொழம் கெடையாதாம். அரைச்சுட்டா அளவே கெடையாதாம். பெரிய பண்ணையெல்லாம் இப்படித்தான் ஓடுதாம்.

பொடியைத் தூவுனேன். கூனி மொழம் ஆச்சு. அதைத் தின்ன நெத்திலி மொழம் ஆச்சு, பெல்ட்டு மாதிரி. அதைத் தின்ன மத்தியும் மொழம் ஆச்சு. ஞாயித்துக்கெழம காலையில வஞ்சிரம் கரையோரமா வந்து, முழங்கைக்குச் சரியா நின்னுச்சு. மிச்சப் பொடியை மடியில கட்டிக்கலாம்னு பாத்தேன். அதுல அரைபடாம ஒரு கண்ணு கெடந்துச்சு, கடுகு அளவு. வஞ்சிரக் கண்ணு. நான் குட்டையில இருந்த மீனைப் பாத்தேன். அது அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. முடிச்சை இறுக்கிக் கட்டிக்கிட்டு, மீனைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.

அய்யாவு வீட்டுக்கே வந்து முழங்கையை வெச்சாரு. "மொழம் இருக்கு, வெட்டு." செண்பகம் வெட்டுனா. மாப்பிள்ளை கலைமாறன் எலையில தலை வுழுந்துச்சு. சுகந்தி கதவோரமா நின்னவ, மூணு நாளா பிடிச்ச மூச்சை அப்பத்தான் விட்டா.

சம்மந்தியம்மா மனசு குளுந்து போய், வழக்கமா சொல்ற வார்த்தையைச் சொன்னாங்க. "எங்க புள்ளையை ஒங்களுக்குக் கொடுத்துட்டோம். இனிமே ஒங்க புள்ளை."

அய்யாவு அப்பத்தான் மோர் சாதத்துக்கு வந்திருந்தாரு. கைமாறுதுன்னு காதுல வுழுந்ததும் எந்திரிச்சு, கையைக் கழுவிட்டு வந்தாரு. மாப்பிள்ளையைச் சொவத்தோட நிக்க வெச்சு, பாதத்துலேருந்து முழங்கையை வெச்சு வெச்சு ஏறுனாரு. மனுசனுக்கு நாலு மொழம். அய்யாவு உச்சந்தலைக்கு மேல மிச்சமிருந்த எடத்துல விரலை வெச்சு எண்ணுனாரு.

நாலு விரக்கடை கம்மி.

சம்மந்தியம்மா என் பக்கத்துல வந்து குனிஞ்சாங்க. "அவர் கொரல்ல நீங்க பேசுவீங்களாமே. ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். நான் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிருவேன்."

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துருச்சு. சுகந்தி என்னையே பாத்துக்கிட்டிருந்தா. மாப்பிள்ளையை விட்டுட்டுப் போகவும் அவளுக்கு மனசில்ல, மொழம் கொறைஞ்சவரைக் கூட்டிக்கிட்டுப் போகவும் மனசில்ல.

"மீனுக்குச் சொன்னது போதும்ப்பா"ன்னா.

வாயை மூடிக்கிட்டேன். வாங்குனவங்கதான் வளர்க்கணும். மாப்பிள்ளையைத் தொட்டியில எறக்குனோம். சம்மந்தியம்மா மட்டும் கொறைப்பட்டுக்கிட்டாங்க. பட்டுவேட்டியோட எறக்கிட்டோமாம். எலையைத் தொட்டி விளிம்புக்கே நகத்தி வெச்சோம், தலை எலையிலதானே இருக்கணும். சுகந்தி கல்லு மேல ஒக்காந்து, என் மடியில இருந்த பொடியை வாங்கி ஒரு சிட்டிகை தூவுனா. வளர்ந்ததும் சொல்லி அனுப்புங்கன்னுட்டு சம்மந்தியம்மா பஸ் ஏறுனாங்க.

மறுநாள் காலையில போஸ்ட்மேன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. தொட்டியைப் பாத்தாரு. மாப்பிள்ளை தண்ணிக்கு மேல தலையை நீட்டி வணக்கம் சொன்னாரு. ஒரு விரக்கடை ஏறியிருந்தாரு.

போஸ்ட்மேன் துண்டை அடுத்த தோளுக்கு மாத்திக்கிட்டு, "அப்ப இனிமே நாம எல்லாரும் எங்க குளிக்கிறது?"ன்னாரு.

நானும் துண்டை எடுத்துக்கிட்டேன். உத்திராபதிகிட்ட அஞ்சாவது குட்டை காலியா இருந்துச்சு. நாங்க போறப்ப அய்யாவு அங்க கரையில நின்னுக்கிட்டு, எங்க உசரத்தைப் பாத்துக்கிட்டே சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுக்கிட்டிருந்தாரு.