மெழுகு காயட்டும்

ஊரில் ஒருவனுடைய தராதரம் அவன் கார் பெயிண்டில் முகம் தெரிகிறதா இல்லையா என்பதில்தான் அடங்கியிருக்கிறது என்று பாலக்கோட்டுக் கரும்பு விவசாயி நஞ்சப்பன் தீர்மானித்திருந்தார். தீர்மானித்த நேரத்தில் அவர் தன் மனைவி தீர்த்தம்மாளின் பழைய உள்பாவாடையை நான்காக மடித்துக் கார் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சேலத்து டாக்டர் ஒருவரிடம் வாங்கிய கறுப்பு பியட். எழுபத்து மூன்றில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கார். காய்ந்த துணியால் துடைத்தால் மண்துகள் கோடு போட்டுவிடும் என்பதால் முதலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார். வெயில் பட்டால் மெழுகு திட்டுத்திட்டாகும் என்பதால் கொட்டகையை விட்டு வெளியே எடுக்க மாட்டார். டப்பாவிலிருந்து மெழுகை விரல்நுனியில் எடுத்து, அழும் குழந்தைக்கு விபூதி பூசுகிற பதத்தில் தடவுவார். காய்ந்ததும் துடைக்க மெல்லிய வாயில் ரகப் புடவை. அதுவும் மகள் தீபாவளிக்கு அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்தது. "நைஸ் துணிதான் கோடு போடாது" என்று எடுத்துக்கொண்டார். கார் வழவழவென்று இருந்தது. தீர்த்தம்மாள் முரட்டுப் பருத்திச் சேலையில் இருந்தாள்.

மூன்று மாதமாகக் கார் கொட்டகையைத் தாண்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "மெழுகு காயட்டும்."

மகள் ராஜாமணிக்கு இது தலைப்பிரசவம். கம்பைநல்லூரில் புகுந்த வீட்டில் வளையல் அடுக்கி, அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். "எம் புள்ள பஸ்ஸுல வரமாட்டா, காருல வருவா" என்று கல்யாணப் பந்தலில் சம்பந்தியிடம் மார்தட்டியவர் நஞ்சப்பன்தான். போன வாரம் சம்பந்தியம்மாள் ஆள் மூலம் கேட்டனுப்பியிருந்தாள்: காரு வருதுங்களா, இல்ல நாங்களே மாட்டுவண்டி கட்டி அனுப்பறதுங்களா?

புதன்கிழமை விடிந்தது. தீர்த்தம்மாள் கட்டுச்சோற்றுக் கூடையோடு கொட்டகைக்கு வந்து நின்றாள். எலுமிச்சைச் சோறு கிளறிய கை இன்னும் மஞ்சளாக இருந்தது.

"ஏனுங்க, கெளம்பலாங்களா?"

"நேத்துத்தான் ரெண்டாம் பூச்சு போட்டன். இன்னும் ரெண்டு நாள்..."

"மெழுகு காயறதுக்குள்ள உங்க பேரன் நடந்தே வந்துருவானுங்க."

நஞ்சப்பன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கார் மூக்கு சுவரைப் பார்த்து நின்றது. டாக்டரின் டிரைவர் ஜமீர் பத்து நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியாக அதை அப்படி நிறுத்திவிட்டு ஓசூருக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். முன்னால் போவது நஞ்சப்பனுக்கு நன்றாகவே வந்தது. பின்னால் எடுப்பது மட்டும் பத்து நாளிலும் வரவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர், நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர், இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"சென்னப்பன எங்க காணோம்?" என்றார், பேச்சை மாற்ற.

"பண்ணையாளுங்க ரெண்டு பேரையும் தண்ணி திருப்ப அனுப்பிட்டனுங்க. இப்ப இங்க யாரும் இல்ல." கூடையைப் பின்சீட்டில் வைத்தாள். "நீங்க உள்ள உக்காந்து வளையத்தப் புடிச்சுக்குங்க. நாந் தள்றன்."

"என்ன புள்ள சொல்ற?"

"ஜமீரு போறப்பவே சொல்லிட்டுத்தான் போனானுங்க. 'ஆத்தா, அய்யாவுக்கு ரிவர்ஸ் வராது, பாத்துக்குங்க'ன்னு."

மூன்று மாதம். ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து அது வரவில்லை. நஞ்சப்பன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இடம் மாற்றி உட்கார வைக்கப்பட்டவர் போல உள்ளே போய் உட்கார்ந்தார். கியரை எடுத்துவிட்டார். தரை வாசலைப் பார்த்துச் சரிவுதான். தீர்த்தம்மாள் காருக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்று, மூக்கின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். பல்லைக் கடித்திருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, பாரமா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் நேருக்கு நேர் அவளைப் பார்த்ததில்லை என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. காது ஓரத்தில் நரை இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது?

கார் அசைந்தது. மெல்லப் பின்னால் உருண்டு களத்துக்கு வந்தது.

அவள் மூச்சு வாங்கியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அய்யோ, உங்க மெழுகுல கை பதிஞ்சுருச்சுங்க. தொடைச்சிட்டுப் போவலாம்."

கறுப்புப் பளபளப்பில் பத்து விரலும் மஞ்சளாக விரிந்திருந்தன. நஞ்சப்பன் தோளில் கிடந்த வாயில் புடவையை எடுத்தார். உதறினார். அவள் மடியில் வைத்தார்.

"இருக்கட்டும். உன் சேலைதான, மடிச்சு வை."

களத்தில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி ரோட்டில் ஏறினார். பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மபுரியைத் தாண்டும்போது ஹாரன்கூட அடித்தார். கம்பைநல்லூர் வரைக்கும் அந்த இரண்டு கைகளும் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன.

சம்பந்தி வீடு முட்டுச்சந்தின் கடைசி வீடு.