ஒச்சம்மாள் கொண்டுபோன சீசா

அக்கம்மாள் வழியில் சீசாவுக்குள் எதையோ கலந்துவிட்டாள் என்று அவளுடைய மாமியார் ஒச்சம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஒச்சம்மாள் ஒன்றை முடிவு கட்டினால் அதை மாற்ற அரியக்குடியில் ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். மலையாண்டிக்கும் அக்கம்மாளுக்கும் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. மகனுக்குத் திருப்பத்தூரில் இரண்டாவது பெண் பார்த்து, தையில் தாம்பூலம் மாற்றுவதாகப் பேசி வைத்திருந்தாள் ஒச்சம்மாள். அதற்குள் அக்கம்மாள் காரைக்குடிக்குப் போய், ரங்கூனில் படித்துவிட்டு வந்த டாக்டர் உபகாரசாமியிடம் தன்னைக் காட்டிக்கொண்டாள். அவளிடம் குறை தெரியவில்லை என்றும், புருஷனின் விந்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு சீசாவைக் கொடுத்தனுப்பினார் அவர்.

மலையாண்டி சம்மதித்ததே பெரிசு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றுவிட்டான். டாக்டர் சொன்னபடி உடம்புச் சூடு ஆறாமல் மடியில் செருகிக்கொண்டு அக்கம்மாளே போய்க் கொடுத்தாள். உயிரணுக்கள் கொஞ்சம்தான், அவையும் தளர்ந்து கிடக்கின்றன என்று பதில் வந்தது.

"எம் மகனுக்கா கொறை? காளை மாடு மாதிரி இருக்கான். அடியே, சீசாவுக்குள்ள என்னத்த ஊத்துனே? சுண்ணாம்புத் தண்ணியா?"

"சத்தியமா ஒண்ணும் ஊத்தல அத்தே."

"சக்களத்தி வந்துருவாளேங்கிற பயத்துல நீ எதையும் செய்வே."

அக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. கலந்தது பொய், பயம் நிஜம். திருப்பத்தூர்க்காரி வந்துவிட்டால் தனக்கு மாட்டுக்கொட்டிலும் பழைய கஞ்சியும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவள் வைத்த குழம்பை ஒச்சம்மாள் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டாள். அவளுடைய தகரப்பெட்டியைக் கிளறிப் பார்த்தாள். பெட்டியில் என்ன இருக்கும், இரண்டு சேலையும் ஒரு சீப்பும்தான். அப்புறம், இன்னொரு தடவை பார்க்கட்டும், இந்தத் தடவை நானே கொண்டுபோகிறேன் என்று கிளம்பினாள்.

டாக்டர் திருப்பிக் கொடுத்த சீசாவை வெந்நீரில் போட்டெடுத்து, காயவைத்து, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். குறித்த நாளில் காலையில் மகன் கையிலிருந்து அதை வாங்கியதும் ஒரு சின்னக் கலயத்தில் ஈரமணல் போட்டு, நடுவில் சீசாவைப் புதைத்து, நனைத்த துணியால் மூடினாள். உடம்புச் சூடு தாதுவைக் கெடுக்கும் என்பது அவள் நம்பிக்கை. அதற்காகத்தானே மகனுக்கு இத்தனை வருஷம் வெந்தயமும் எண்ணெய்க் குளியலும்!

"அத்தே, சூடு ஆறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாக. மடியில வச்சுக்கங்க."

"நீ சொல்லுவேடி! சூட்டுல வச்சு அவிச்சுப்புடலாம்னு பாக்குறியா?"

அக்கம்மாளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கெட்டால் கெடட்டும்.

மூன்று பேரும் வண்டியில் போனார்கள். கலயத்தின் பக்கம் மருமகளின் சேலை நுனிகூடப் படவிடவில்லை ஒச்சம்மாள். மலையாண்டி வண்டியோடு வெளியே நின்றுகொண்டான். உள்ளே டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுகூட அசையல. சீசா ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? எப்படிக் கொண்டு வந்தீக?"

ஒச்சம்மாள் வாசல்வரை கேட்கும்படி அலறினாள். "நான் ஒண்ணும் கலக்கலய்யா!"

அந்தக் குரல் கேட்டு மலையாண்டி உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது.

"அவ கொண்டு வந்தப்பக் கொஞ்சமாச்சும் உசிரு இருந்துச்சு. ஒங் கையில எல்லாம் செத்துப்போச்சா? என்னத்த ஊத்துனே ஆத்தா?"

பெற்ற மகனே கேட்டுவிட்டான். ஒச்சம்மாள் மருமகளைப் பார்த்தாள். கலயத்தில் ஒச்சம்மாள் என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்பதைப் பார்த்தவள் அக்கம்மாள் ஒருத்திதான். பேசாமல் இருந்தால் போதும், மாமியாரின் வாய் ஆயுசுக்கும் அடங்கிவிடும். அக்கம்மாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"அத்தை ஒண்ணும் கலக்கல. கெட்டுறக்கூடாதுன்னு ஈரமணல்ல வச்சாக, அம்புட்டுத்தான்" என்றாள்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. குளிர்ந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி பார்க்க வேண்டும் என்று புதுச் சீசா ஒன்றை நீட்டினார்.

மலையாண்டி சுவரைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் ஒச்சம்மாளின் கை எழுந்தது. அக்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவுக வாங்கட்டும் அத்தே" என்றாள்.