ஒற்றை விரிப்பு

விடியும் முன்பே, துணியை உலர்த்தித் தேய்க்கும் உருளைகள் சூடேறியிருந்தன. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் ஈரத்தில் கல்லாய்க் கனத்தன. ஒரு முனையை நெட்டையும் மறுமுனையைச் சுண்டுவும் பிடித்து உதறி உருளைக்குள் விட, நீராவி குப்பென்று முகத்தில் அடித்தது. அந்தச் சலவைக்கூடத்தில் மூன்று உருளைகள், ஆறு பெண்கள். உயரத்தை வைத்து விழுந்த பெயர்கள்தான் இருவருக்கும். பன்னிரண்டு வருஷமாக ஒரே துணியின் இரண்டு பக்கம்.

அக்கா மேற்பார்வைக்கு வந்த பிறகுதான் நெட்டைக்கு வேலைக்கு வரவே பிடித்தது. அக்காவும் ஒரு காலத்தில் உருளையில் நின்று வெந்தவள்தான். வந்த வாரமே, ஆணியடித்துக் கிடந்த ஜன்னலைத் திறக்க வைத்தாள். உட்கார ஒரு பெஞ்சு போட்டாள். முன்பிருந்தவன் "ஏய்" என்பான், இவள் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் நெட்டையின் கை தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு விரிப்பின் வால் உள்ளே போகும்போதே அடுத்ததன் தலையை அதன்மேல் ஒட்டிவிட்டால் உருளை வெறுமனே சுற்றாது. எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். மிஞ்சிய நேரத்தில் ஜன்னலோரம் தேநீர் குடித்தார்கள்.

"எங்க, இன்னொரு தடவை மெதுவா செஞ்சு காட்டு," என்றாள் அக்கா ஒருநாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. நெட்டைக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று தடவை செய்து காட்டினாள்.

இன்று முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார், பின்னால் அக்கா. இந்த வேகத்துக்கு இரண்டு உருளையே போதும், மூன்றாவதை நிறுத்துகிறேன், வாரக் கடைசியோடு இரண்டு பேர் நின்றுகொள்ளட்டும் என்றார். ஒருத்தி புதிதாக வந்தவள். இன்னொருத்தி சுண்டு.

"மூச்சு விட நேரம் கிடைக்கும்னு செஞ்சோம் சார்," என்றாள் நெட்டை.

"அதான் சொல்றேன். ரெண்டு பேரு இனி நாள் பூரா மூச்சு விடலாம்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பிருந்தவனிடம் நெட்டை ஒருநாளும் ஏமாந்ததில்லை; அவனுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இருந்ததில்லை. கேட்காமலே அள்ளிக் கொடுத்தது இவளுக்குத்தான். நீராவியைவிட அதுதான் சுட்டது.

இடைவேளையில் சுண்டுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாள்: "என் கைதான்டி உன் சோத்துல மண்ணைப் போட்டுது."

"உன் உயரத்துக்கு மேலேருந்து போட்டுட்ட. அதான் எல்லார் மேலயும் விழுந்திருக்கு," என்றாள் சுண்டு.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அடக்க முடியவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் புதியவள் தயங்கிக் கேட்டாள்: "கத்துக்கிட்டத மறக்க முடியாதாக்கா?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணி அடித்தது. ஒரு விரிப்பு முழுதாக உள்ளே போகும்வரை மூன்று உருளையிலும் கைகட்டி நின்றார்கள். பிறகே அடுத்ததை எடுத்தார்கள். வெற்று உருளைகள் முனகின. அக்கா ஓடிவந்தாள்.

"என்ன நெட்டை இது?"

"உருளையில நின்னப்போ நீங்களும் இப்படித்தானேக்கா செஞ்சீங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. நெட்டை அடுத்த விரிப்பின் முனையை எடுத்தாள். மறுமுனையைச் சுண்டு இறுக்கிப் பிடித்திருப்பது ஈரத்துணி வழியாகவே தெரிந்தது.

"உதறு," என்றாள் சுண்டு.

மூன்று விரிப்புகள் ஒரே நேரத்தில் படீரென்று விரிந்தன.