கொம்பு முளைக்கும் நேரம்

புத்தகப் பெட்டி கழுதை முதுகில் ஏறி மலைக்கு வந்த அன்று தெபெலோ டீச்சர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்புக்கு இருந்த சொத்து, சுவரில் தொங்கிய ஓர் எழுத்து அட்டையும் எங்கிருந்தோ தானமாக வந்த நாலைந்து ஆங்கிலப் புத்தகங்களும்தான். அந்தப் புத்தகங்களில் நீச்சல்குளம் இருந்தது, பிறந்தநாள் கேக் இருந்தது, கடற்கரை இருந்தது. லெசோத்தோவின் உச்சி மலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த ஆளு ஏன் துணியில்லாம பனியில படுத்திருக்காரு?" என்று கேட்டார்கள். வெள்ளையாகப் பரந்து கிடப்பது பனியாகத்தானே இருக்க வேண்டும். அவர்கள் மேல் என்ன தப்பு?

புதுப் பெட்டியில் இருந்தவை அப்படியில்லை. எல்லாம் செசோத்தோ மொழியில். முயல், நரி, மலைச்சரிவு, வரட்டி எரியும் அடுப்பு. ஒரு புத்தகத்தில் முயல் அந்த ஊர்க்காரர்களைப் போலவே போர்வையைத் தோளில் குத்தூசியால் மாட்டிக்கொண்டிருந்தது. தெபெலோ அதை முகர்ந்தே பார்த்தாள். இனிமேல் இந்தப் பிள்ளைகள் படிக்காமல் எங்கே போய்விடும் என்று நினைத்தாள்.

எங்கேயும் போகவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டன.

சுவரில் இருந்த அட்டையைக் காட்டினால் கணீரென்று படிப்பார்கள். கரும்பலகையில் எழுதினால் படிப்பார்கள். முயல் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், வகுப்பே கல்லுளிமங்கன் ஆகிவிடும். விரல் மட்டும் எழுத்தின் மேல் நகரும். கண்ணும் நகரும். உதடு அசையாது. தெபெலோ கெஞ்சினாள், மிரட்டினாள், தன் வீட்டு உலர்ந்த பீச் பழங்களைக் கொண்டு வந்து ஆசை காட்டினாள். பழம் உள்ளே போயிற்று, சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை. ஒருவேளை எழுத்தே தெரியவில்லையோ என்று பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில், பெட்டியை அனுப்பிய வாசிப்புத் திட்டத்தின் மேற்பார்வையாளர் வருவார். பிள்ளைகள் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் பெட்டி பள்ளிக்கே சொந்தம். வாசிக்காவிட்டால் கீழே பள்ளத்தாக்கில் காத்துக்கொண்டிருக்கும் இன்னொரு பள்ளிக்கு அது போய்விடும். முதலிலேயே அப்படித்தான் பேச்சு.

கடைசியில் மொசாதான் வாயைத் திறந்தாள். முன்வரிசையில் உட்காரும் துடுக்குப் பெண். அவளிடம்தான் தெபெலோ அன்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, வாயைத் தைச்சு வெச்சிருக்கா? படியேன்!"

"டீச்சர், இது கதை."

"கதைதான். அதுக்கென்ன?"

மொசா ஜன்னலைக் காட்டினாள். "வெளிய வெயில் அடிக்குதே."

அந்த மலையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். பொழுது சாய்ந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் கதை. பகலில் கதை சொல்ல வாயெடுத்தவன் தலையில் கொம்பு முளைக்கும். தெபெலோவும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவள் தலைநகரம் மசெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், நாலு பேர் நடுவில் கொம்பைச் சொல்லிச் சிரித்தவள். இத்தனை மாதமும் இது அவள் மண்டைக்கு எட்டவேயில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கொம்பு மொளைச்ச ஒரே ஒரு ஆளைக் காட்டுடி, பார்க்கலாம்."

"யாருமே பகல்ல கதை சொல்றதில்லையே டீச்சர். அப்புறம் எப்படி மொளைக்கும்?"

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. தெபெலோ தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் வாசித்தால் என்னவாம்?

மறுநாள் பிள்ளைகளின் போர்வைகளை வாங்கி ஜன்னலில் எல்லாம் தொங்கவிட்டாள். வகுப்பு இருட்டாயிற்று. பிள்ளைகள் குளிரில் வெடவெடத்தார்கள். "இப்ப ராத்திரி. படிங்க," என்றாள்.

"டீச்சர், எழுத்து தெரியல," என்றது ஒரு குரல்.

"தெரிஞ்சாலும் இது ராத்திரி இல்ல. கோழி மேயுற சத்தம் கேக்குது," என்றாள் மொசா.

போர்வைகளை உருவி அவரவர் தலையில் எறிந்தாள் தெபெலோ.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் என்று அடுத்ததாக நினைத்தாள். அது அதைவிடப் பெரிய அசட்டுத்தனம். பள்ளி முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். நெயோ என்ற பையனின் அம்மா, ஊர் வழக்கப்படி பிள்ளை பெயராலேயே மாநெயோ என்று அழைக்கப்படுகிறவள், முதல் ஆளாக எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

"டீச்சரம்மா, படிப்பு சொல்லிக் குடுங்கன்னுதானே அனுப்புறோம்? பட்டப்பகல்ல முயல் கதை சொல்லவா அனுப்புறோம்?"

"இது சொல்றது இல்லம்மா, வாசிக்கிறது. ரெண்டும் வேற."

"அதுக்குள்ள முயல் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"நரியை ஏமாத்துதா?"

"ஏமாத்துது."

"அப்ப கதைதான். எம்புள்ளைக்குக் கொம்பு மொளைச்சா நீங்க வந்து அறுத்து விடுவீங்களா? அந்தக் கொம்போட எவன் பொண்ணு குடுப்பான்?"

முற்றமே சிரித்தது. ஆனால் மாநெயோ வெறும் வம்புக்காரி இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்து அனுப்புங்க. சாயங்காலம் களி கிண்டுற நேரத்துல அடுப்புகிட்ட உக்காந்து படிக்கட்டும். நாங்களும் கேக்குறோம். எங்களுக்கும் ஆசைதான்."

அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தெபெலோ தலைமையாசிரியர் அறைக்கு ஓட்டமாக ஓடினாள். க்வாராய் ஐயா அலமாரிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பவர். தூங்கும்போதும் கழற்றமாட்டார் என்று அவர் மனைவியே சொல்வாள்.

"ஐயா, பெத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்தா போதும்."

"பெட்டி மேல என்ன ஒட்டியிருக்கு? படிச்சியா?"

"படிச்சேன் ஐயா."

"சொல்லு."

"புத்தகம் பள்ளிக்கூடத்தைவிட்டு வெளிய போகக் கூடாது."

"அவ்வளவுதான். வீட்டுக்குப் போனா ஆடு தின்னும், அடுப்புல விழும், களி கொட்டும். பதில் சொல்றது யாரு? நான்."

"இங்கேயே அலமாரியில இருந்தா மட்டும் என்னய்யா லாபம்? யாரும் படிக்கலையே!"

"படிக்கல. ஆனா கிழியலையே," என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பகலில் படிக்க ஊர் விடாது. சாயங்காலம் படிக்கப் பெட்டியில் ஒட்டிய காகிதம் விடாது. நடுவில் தெபெலோ ஒருத்தி கிடந்து அல்லாடினாள். அன்று வீட்டுக்கு நடக்கும்போது வழியில் நின்ற ஒரு கழுதையைக் காரணமேயில்லாமல் திட்டினாள்.

மேற்பார்வையாளர் பலாட்சே அம்மா, மழைக்கு அறுந்திருந்த பாதை சரியானதும், ஒரு காலை வேளையில் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். கணவாய்ப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. பனி கொட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்திக்கொண்டேயிருந்தான். பலாட்சே அம்மா கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் மண்டியிட்டு உட்கார்ந்து, கன்னத்தைத் தடவி, பொறுமையாகக் கேட்டார். நெயோ காலைப் பார்த்தான். மொசா கூரையைப் பார்த்தாள். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

"அம்மா, இதுங்களுக்குப் படிக்கத் தெரியும்," என்றாள் தெபெலோ. "கொம்பு மொளைக்கும்னு பயப்படுதுங்க."

பலாட்சே அம்மா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நானும் இந்த மலைக்காரிதான் டீச்சர். எனக்குக் கொம்பைப் பத்திச் சொல்லாதீங்க. பக்கத்து மலையில ஒரு பள்ளிக்கூடத்துலயும் அதே பயம்தான் இருந்துச்சு. அங்க டீச்சரே முதல்ல வாசிச்சுக் காட்டினாங்க, சரியாயிடுச்சு." புத்தகத்தை எடுத்து தெபெலோவின் கையில் வைத்தார். "நீங்க முதல் பக்கத்தை வாசிங்க. புள்ளைங்க தானா வருவாங்க."

இவ்வளவுதானா! தெபெலோ புத்தகத்தை விரித்தாள். ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பக்கத்தின் மேல் விழுந்தது. முயல் போர்வையோடு நின்றது. முதல் வரி அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தாள்.

வரவில்லை. அவளுக்கே தெரியாமல் இடது கை மேலே போய் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டி வந்த நாளிலிருந்து, படி படி என்று தொண்டை கட்டக் கத்தியவள், தான் ஒருநாள்கூட இதில் ஒரு வரியைப் பிள்ளைகள் முன்னால் வாசித்ததில்லை. முதலில் எழுத்து, முதலில் அட்டை, முதலில் நீங்கள் என்று ஏதோ ஒன்று வந்துகொண்டேயிருந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"தொண்டை சரியில்ல," என்றாள்.

பலாட்சே அம்மா வாசலில் நின்ற க்வாராய் ஐயாவின் பக்கம் திரும்பி, சாவிக்குக் கையை நீட்டினார். ஐயா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். ஒரு காகிதம் கிழியாமல், ஒரு மூலை மடங்காமல், வந்தபடியே பெட்டி வண்டியில் ஏறிற்று. ஐயாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வண்டி கிளம்பிய புழுதி அடங்கும்வரை தெபெலோ முற்றத்தில் நின்றாள். வெட்கமா, கோபமா, எது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தபோதுதான் புத்தகம் இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். அவள் கூப்பிடவில்லை.

புத்தகத்தை விரித்து, நடு முற்றத்தில், நல்ல வெயிலில், யாரையோ சண்டைக்குக் கூப்பிடுவதுபோலக் கத்தி வாசித்தாள். "முயலுக்குக் குளிர் தாங்கவில்லை! நரியிடம் போய்ப் போர்வை கேட்டது!" பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்பைவிட்டு வெளியே வந்து தூரத்தில் நின்றார்கள். ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் தலையைப் பார்த்தார்கள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கமும் முடிந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்த மாநெயோ குடத்தைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

மொசா மெல்லக் கிட்டே வந்தாள். "குனிங்க டீச்சர்."

தெபெலோ குனிந்தாள். குளிர்ந்த விரல்கள் நெற்றி முழுக்க ஊர்ந்தன, முடிக்குள் புகுந்து தேடின.

"இங்க லேசா மேடா இருக்கு," என்றாள் மொசா சந்தேகமாக.

"அது பொறந்ததுலேர்ந்து இருக்குடி. பிடி. படி."

மொசா புத்தகத்தை வாங்கினாள். வானத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படித்தாள். எழுத்துக் கூட்டி அல்ல, தடதடவென்று. நரி சொன்னதை நரி குரலிலும் முயல் சொன்னதை முயல் குரலிலும். பக்கம் முடிவதற்குள் நெயோ அவள் தோளுக்கு மேலே எட்டி, அடுத்த வரியை அவளுக்கு முன்னால் கத்தினான். மற்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்து விழுந்தார்கள். அத்தனை பேருக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. எத்தனையோ நாளாகத் தெரிந்திருந்தது.

"இதை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி செஞ்சு தொலைச்சிருந்தா என்ன?" என்று தெபெலோ கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

புத்தகம் சின்னதுதான், சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. மொசா பின்னட்டையையும் திருப்பிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சர், நரி புத்தகம் ஒண்ணு இருந்துச்சே, நீல அட்டை. அதைக் குடுங்க."

கீழே பள்ளத்தாக்கில், கடைசி வளைவில், பிக்கப் வண்டி ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு மறைந்தது.