இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றவள்

டெல்லி ஜனக்புரியில் எவாஞ்சலின் கற்பனையாக எழுதிவைத்த முப்பத்தொரு பெண்களும் மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாயன்று குடிவந்தார்கள். அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய். பூட்டிக் கிடந்த பதினோரு வீடுகளில் துணி காய்ந்தது, குக்கர் கூவியது. பால்காரர் பதினோரு பாக்கெட் கூடுதலாகக் கொண்டுவந்தார். இருபதே வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. புதிதாக ஒரு நாய் வந்திருந்தால் விசாரித்திருப்பார்கள்.

எவாஞ்சலின் மார்த்தாண்டத்துக்காரி. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, பெண்களின் உயரத்தை வீடுவீடாக அளந்து பதியும் ஒரு கணக்கெடுப்பில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். ஏப்ரலில் நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று முறை போயும் அந்தப் பதினோரு கதவுகள் திறக்கவில்லை, கெடுவோ நெருங்கிவிட்டது. பிப்ரவரியில் ஒரு மதியம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, பத்து வீடுகளுக்கு முப்பது பெண்களை டேப்லெட்டில் எழுதினாள். கல்லூரியில் படித்த புள்ளியியல் கைகொடுத்தது. சராசரி நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அதற்கு மேலும் கீழும் ஆறு சென்டிமீட்டருக்குள் மூன்றில் இரண்டு பங்குப் பேர். தள்ளிப் போகப் போக ஆள் குறைய வேண்டும். படம் போட்டுப் பார்த்தால் மாதா கோவில் மணியை இறக்கித் தரையில் வைத்ததுபோல் இருந்தது வளைவு.

மேலதிகாரி மேதா டெல்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வளைவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எவாஞ்சலின்ஜி, ரொம்ப அழகா இருக்கு. அதான் பிரச்சினை. நிஜ ஜனங்க இவ்ளோ ஒழுங்கா இருக்க மாட்டாங்க. ஓரத்துல ஒருத்தர்கூட இல்லியா?"

"உண்டு மேடம். ஒரு வீடு பாக்கி இருக்கு."

அந்தப் பாக்கி வீட்டுக்காகப் பிறந்தவள்தான் குஞ்சம்மாள். வயது நாற்பத்து நான்கு, தனி ஆள், உயரம் 131.47. பத்தாயிரம் பெண்களில் மூன்று பேர்தான் அவ்வளவு குள்ளமாக இருப்பார்கள். நிஜம்போலத் தெரியட்டும் என்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போட்டாள் எவாஞ்சலின். அங்கேதான் பிசகியது. அளவு நாடாவில் 131.4க்கு ஒரு கோடு உண்டு, 131.5க்கு ஒரு கோடு உண்டு. நடுவில் எதுவும் கிடையாது.

முப்பது பேரும் குடிவந்த வாரமே ஊரோடு கலந்துவிட்டார்கள். சராசரி உயரத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? குஞ்சம்மாள் மட்டும் தினமும் காலை ஏழரைக்கு எவாஞ்சலின் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். கதவு திறந்த சத்தம் கேட்டதே இல்லை.

"யாராக்கும் இது?" என்றான் கணவன் ரெஜின், வாயில் பிரஷ்ஷோடு.

"நான் எழுதின ஆளு."

"நிக்காளே. உக்காரச் சொல்லு."

குஞ்சம்மாள் மறுத்தாள். எழுதிய கையின் ஊர்த்தமிழ்தான் அவள் வாயிலும் வந்தது. "உக்காந்தா உயரம் கொறஞ்சுபோவும்லா அண்ணே? பொறவு நான் யாரு?" பிறகு எவாஞ்சலினைப் பார்த்து, "அளந்து பாருங்க அக்கா" என்பாள். நாடா ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வழுக்கும், எதிலும் நிற்காது. காப்பி கொடுத்தால் குடிக்கமாட்டாள். குடிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். எவாஞ்சலின் தூக்கம் கெட்டு மூன்று கிலோ இளைத்தாள்.

மறுசோதனைக்கு இருபது வீடுகளில் ஒன்றைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். மற்ற வீடுகளில் அளக்க ஆள் இருந்தது. பயம் குஞ்சம்மாள் வீட்டுக்குத்தான். இருபதில் பத்தொன்பது பங்கு தப்பிக்கலாம் என்று எவாஞ்சலின் மனதைத் தேற்றிக்கொண்டாள். குஞ்சம்மாள் வீடுதான் வந்தது. மேதா சந்தேகப்பட்டு மறுபடி குலுக்கினாள், அதே வீடு. மூன்றாவது முறையும் அதே.

"எட்டாயிரத்துல ஒரு சான்ஸ். நடக்காதுன்னு இல்ல, நடந்துடுச்சு" என்றாள் மேதா. "இந்த 131.47 எந்த டேப்ல வந்துது? தப்பா எழுதிட்டேன்னு டிலீட் பண்ணிடுங்க, ரூல்ல இடம் இருக்கு. ஆனா நம்பரை மாத்தாதீங்க. குலுக்கின அப்புறம் மாத்தினா ரெக்கார்டுல விழும். காம் கதம், வேலை முடிஞ்சுது."

மறுநாள் காலை ஏழரை. எவாஞ்சலின் அந்த வரியைத் திறந்து அழிக்கும் பொத்தானைத் தொட்டாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது திரை. நிமிர்ந்து பார்த்தால் குஞ்சம்மாளுக்குக் கணுக்கால்வரை இல்லை. அந்த இடத்தில் ஃபிரிட்ஜின் வயர் தெரிந்தது.

"எழுதும்போ எங்கிட்ட கேக்கல்லியே அக்கா. அழிக்கும்போ மட்டும் எதுக்கு என் முகத்தப் பாக்கீங்க?"

ரெஜின் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

எவாஞ்சலினின் விரல் அந்தரத்தில் நின்றது. தனி ஒரு புள்ளிக்கு நிகழ்தகவு பூஜ்யம் என்று அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். நுணுக்கமாகச் சொல்லச் சொல்ல அங்கே ஆள் இருக்க வழியில்லாமல் போகும். இங்கிருந்து இதுவரை என்று கொஞ்சம் அகலம் விட்டால்தான் உள்ளே ஒருவர் நிற்க முடியும். மணியின் ஓரம் எவ்வளவு தாழ்ந்தாலும் தரையைத் தொடாது என்றும் எழுதியிருக்கிறாள். 'இல்லை' என்பதை அழுத்தினாள். 131.47ஐ எடுத்துவிட்டு, '131 முதல் 132 வரை' என்று எழுதிப் பதிந்தாள்.

குஞ்சம்மாள் உட்கார்ந்தாள். பத்து நாள் நின்ற முழங்கால்கள் மடங்கிய சத்தம் அடுத்த வீட்டில் கேட்டது. மூன்று டம்ளர் காப்பி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மேதா போனபோது குஞ்சம்மாளே கதவைத் திறந்தாள். உயரம் 131.6, நாடா கோட்டில் பொருந்தி நின்றது. மேதா அதையும் எழுதினாள், எண் திருத்தப்பட்டதையும் எழுதினாள். ஏப்ரலில் வேறு ஒருவர் நிரந்தரமானார்.

எவாஞ்சலின் இப்போது கரோல் பாகில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் போகிறாள். குஞ்சம்மாள் சில நாள் கூட வருவாள், ஏறியதும் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பற்றிக் கவலையில்லை. மற்ற முப்பது பேரின் முகத்தை எவாஞ்சலின் அன்று எழுதவே இல்லை. கம்பியைப் பிடித்து நிற்கும் நடுத்தர உயரப் பெண்களில் யார் தன்னுடையவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறாள்.