ப்யூஸ் நிறச் சேலை

தம்பி சுதீஷின் கல்யாண வரவேற்புக்கு நம் வீட்டார் எல்லோரும் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்று கல்யாணப் பெண் நீது குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். நிறத்தின் பெயர் ப்யூஸ். சித்தப்பா பச்சை என்றார். அவர் மகள் மஞ்சள் என்று சண்டைக்கு வந்தாள். அகராதியைப் பார்த்தேன். அரக்கும் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறமாம். பிரெஞ்சில் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்பா போனபிறகு அம்மா சிவப்புச் சாயல் உள்ள எதையும் உடுத்துவதில்லை. எங்கள் சொந்தத்தில் அப்படித்தான். நிச்சயதார்த்தத்தன்று பந்தியிலேயே நின்று இலை போட்டுக்கொண்டிருந்தாள், மேடைப் பக்கமே வரவில்லை. ஒரு போட்டோவில்கூட அம்மா இல்லை. எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்த முறை அவளை மேடையேற்றாமல் விடுவதில்லை என்றிருந்தேன்.

அரக்கு கூடாது, சரி. ப்யூஸ் கூடாது என்று யார் சொன்னது? தமிழில் பெயரே இல்லாத நிறத்துக்கு எந்தக் கிழவி தடை போட்டிருப்பாள்? இது தோன்றியதும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"ப்யூஸோ? பச்சயல்லே சேச்சி?" என்றான் மலையாளிக் கடைக்காரன். செல்போனில் படத்தைக் காட்டினேன். அடுத்த கடையிலும் அதே பச்சை. கடை கடையாக ஏறி இறங்கி ஒருவழியாகக் கிடைத்தது. திரும்பும்போது தம்பானூரில் ஆட்டோ நகரவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சேலையை அம்மா கையில் கொடுத்தேன்.

"அம்மா, இது ப்யூஸ். இங்கிலீஷ் கலராக்கும். உடுத்தக்கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது, கேட்டியா?"

அம்மா சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. ஊதா என்றேன், பழுப்பு என்றேன், தெள்ளுப்பூச்சி என்றும் சொல்லிவிட்டேன்.

"வாயை மூடுட்டி. இது அரக்கு."

எனக்கு உயிரே போயிற்று. "இல்லம்மா, அதுல ஊதா..."

"அரக்குதான். எவளாவது கேட்டா அரக்குன்னே சொல்லு. நான் இதத்தான் உடுத்துட்டு மேடைக்கு வருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தலைப்பைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள்.

"ஒங்கப்பா என்னைக் கெட்டுததுக்கு முந்தியே எனக்கு அரக்குதாம்ட்டி பிடிக்கும்."